பண்ணை நோட்டுக்கு என்ன விலை?

வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் பண்ணை. விடியற்காலை நாலரை மணி. மதகில் கட்டிய வலைப்பை நிறைந்துகொண்டிருக்கிறது. ஏஜென்ட்டின் ஆள் ஒரு கிலோ நிறுத்துத் தார்ப்பாயில் கொட்டி, விரல்களால் தள்ளித் தள்ளி எண்ணினார். 50. விலை முடிந்துவிட்டது. கிலோவுக்கு எத்தனை இறால் என்பதுதான் கவுண்ட். எண்ணிக்கை குறைந்தால் இறால் பெரிது, விலை கூடும். பண்ணைக்கார அண்ணன் 110 நாள் எழுதிய நோட்டு மோட்டார் ஷெட்டில் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

*

நோட்டைப் புரட்டினேன். குஞ்சு எந்த ஹேச்சரி, எந்தத் தேதி, பிசிஆர் சோதனை முடிவு. நான்கு வேளைத் தீவனம், செக் ட்ரேயில் மிச்சம் இருந்ததா இல்லையா. உப்பளவு, பிஎச். 62ஆம் நாளில் ஒரு வரி: "மழை. ராத்திரி முழுக்க ஏரேட்டர்." உப்புத் தண்ணீர் பட்ட பக்கங்கள் அப்பளம்போல் விறைத்திருந்தன. 'ட்ரேசபிலிட்டி' என்று கூட்டங்களில் பேசுவது இதைத்தான். இறால் எங்கே பிறந்தது, என்ன தின்றது, யார் கை மாறியது என்று தடம் பிடிப்பது.

*

கேட்பவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக்குகள். பில்லியனில் 1 பங்குக்கும் குறைவாக இருந்தாலே சோதனையில் தெரிந்துவிடும். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் பண்ணை இறால் சரக்கில் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 ஆக்கியது. அமெரிக்கா 2018 கடைசியில் இருந்து இறாலுக்கும் அறுவடை விவரம் கேட்கிறது. ஒரு சரக்கு திரும்பி வந்தால் கொள்முதல் விலை இறங்கும். மருந்து போட்ட குளத்துக்கும் போடாத குளத்துக்கும் சேர்த்தே இறங்கும். அண்ணனுக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். எனக்கும்.

*

ஒரு ஹெக்டேர் கணக்கு. சதுர மீட்டருக்கு 30 குஞ்சு விட்டால் 3 லட்சம். 80 சதவீதம் தப்பினால் 2.4 லட்சம். ஒன்று 20 கிராம் என்றால் 4,800 கிலோ.

பதிவேடு எழுத, மாதிரி எடுக்க, சான்றிதழுக்கு அலைய ஓர் ஆள் வைத்தால் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்துக்கு 60,000. கிலோவுக்கு 12 ரூபாய் 50 காசு. இதே ஆளை 50 ஹெக்டேர் பண்ணை வைத்தால் கிலோவுக்கு 25 காசு.

நோட்டு ஒன்றுதான். சின்னவருக்கு ஐம்பது மடங்கு கனம்.

*

இருபது பேர் சேர்ந்து ஓர் ஆளை வைத்தால்? 96 டன்னுக்குப் பிரியும். கிலோவுக்கு 62 காசு. சிறு விவசாயிகளைச் சங்கமாகச் சேர்க்கத்தான் கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 2007இல் நாக்சா என்ற அமைப்பைத் தொடங்கியது. வழி தெரியாமல் இல்லை. பிடித்த இறாலையும் சங்கமாக விற்றால்தான் அந்த வழி முழுதாகும்.

*

தடம் அறுபடும் இடத்தைக் கண்ணால் பார்த்தேன். ஏஜென்ட்டின் வண்டியில் ஏற்கெனவே இரண்டு பண்ணைச் சரக்கு இருந்தது. ஐஸும் இறாலும் அடுக்கடுக்காக. அண்ணனுடையது மூன்றாவது. இனி கம்பெனியில் அளவு பார்த்துப் பிரிப்பார்கள். எது எந்தக் குளம் என்று அப்போது யார் சொல்ல முடியும்? கூடைக்கு ஒரு சீட்டு கட்டியிருந்தால் போதும். சீட்டுக்குத் தனி விலை கிடையாது, அதனால் சீட்டும் கிடையாது.

*

அமெரிக்க விதியில் ஒரு சலுகை உண்டு. ஒரே நாளில் ஓரிடத்துக்கு 1,000 கிலோவோ அதற்குக் குறைவாகவோ தரும் சிறு பண்ணைகளின் விவரத்தை மொத்தமாகச் சேர்த்துக் கொடுக்கலாம். சுமை குறைக்கத்தான். ஆனால் அந்த மொத்தத்தில் சிறியவரின் பெயரும் கரைந்துபோகிறது. பெயர் இல்லாத நல்ல இறாலுக்குக் கூடுதல் விலை எப்படி வரும்?

*

"வேற கம்பெனிக்குக் காட்டிப் பாக்கலாமே அண்ணே?"

"தீவனம் கடன்ல வந்தது தம்பி. கடன் குடுத்தவங்க சொன்ன வண்டிலதான் ஏத்தணும்."

நோட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதைக் காட்டிப் பேரம் பேச இன்னொரு வாசல் வேண்டும். கடனை விட்டுவிட்டுத் தடமறிதலைப் பேசினால் பாதிதான் பேசுகிறோம்.

*

தடம் பின்னாலும் ஓட வேண்டும். 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைச் சாய்த்தது. இன்றும் அந்த நோய் போகவில்லை. ஒரே ஹேச்சரி, ஒரே தேதிக் குஞ்சு, நான்கு குளங்களில் நாற்பதாம் நாளில் சாகிறது என்று நான்கு நோட்டுகளைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதை வைத்து ஹேச்சரியில் நியாயம் கேட்கலாம், அடுத்த ஊரை எச்சரிக்கலாம். வெளிநாட்டுக்காரர் கேட்கிறார் என்று எழுதும் நோட்டு சுமை. இப்படிப் பயன்பட்டால் அதே நோட்டு ஆயுதம்.

*

வண்டி கிளம்பியது. அந்த இறால் எந்த ஊர்க் கடையில் என்ன விலைக்குப் போகும் என்பதை அண்ணனிடம் யாரும் சொல்லப்போவதில்லை. அவருடைய 110 நாளும் எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம். அதற்குப் பிந்தைய நாட்கள் மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாமா?

ஷெட்டுக்குப் போய் நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் தேதி, 50 கவுண்ட், எடை, விலை. அதற்குக் கீழே, நான் கேட்டதற்காக, வண்டி எண்ணையும் எழுதினார்.