குங்குமம் கறுப்பாக விழுந்த படங்கள்

கோலாலம்பூரில் 1888இல் மீனும் காய்கறியும் விற்கத் தொடங்கிய மத்தியச் சந்தை இன்று பசார் செனி. அங்கே முக ஓவியர்கள் முன்னால் சற்று நேரம் நின்று பார்த்தால், எதிரே உட்கார்ந்திருப்பவரைவிடப் பலகையில் கிளிப் போட்டு மாட்டிய புகைப்படத்தைப் பார்த்து வரைவதே அதிகம் என்பது தெரியும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து இவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் மறைந்தவர்களின் கறுப்பு வெள்ளைப் படம். அவசரகாலச் சட்டத்தின்கீழ் 1948இல் அடையாள அட்டை கட்டாயமானபோது, 12 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் கேமராவுக்கு முன் நிற்க வேண்டியிருந்தது. தோட்டத்து லயங்களில் இருந்த பலருக்கு அதற்குமுன் படமே கிடையாது. அரசாங்கம் ஆளை அடையாளம் காண எடுத்த படம், பிற்பாடு மாலையும் சந்தனப் பொட்டும் ஏற்கும் சாமிப்படமாகிவிட்டது. அதைக் கரியில் பெரிதாக வரைந்து தருவதை “பார்த்து வரைவதுதானே” என்று ஓவியம் படித்தவர்கள் மட்டமாகச் சொல்வதுண்டு. பார்த்து மட்டும் வரைந்தால் இந்தப் படங்கள் தப்பாகத்தான் வரும் என்பது என் கருத்து.

முதலில் ஒரு கணக்கு. பாஸ்போர்ட் படம் 35க்கு 50 மில்லிமீட்டர். அதன்மேல் ஐந்து மில்லிமீட்டர் கட்டம் போட்டால் எழுபது கட்டம். ஒவ்வொன்றையும் தாளில் மூன்று சென்டிமீட்டராக்கினால் 21க்கு 30 சென்டிமீட்டரில் முகம் ஆளளவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். புதிதாகப் பழகுகிறவர் இந்த இடத்தில் நிம்மதியடைவார். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண், காது இருக்க வேண்டிய இடத்தில் காது. ஆனால் நீளம் ஆறு மடங்கானால் பரப்பு முப்பத்தாறு மடங்கு. ஒரே கட்டத்துக்குள் அடங்கிய கண்ணை முப்பத்தாறு மடங்காக்க வேண்டிய விவரம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இமையின் தடிப்பு எங்கே முடிகிறது, கீழிமை ஈரம் எப்படி மினுங்கும் என்பதெல்லாம் உயிருள்ள முகங்களைப் பார்த்துப் பழகிய கையிலிருந்துதான் வர வேண்டும். கட்டம் இடத்தைச் சொல்லும், அவ்வளவுதான்.

இல்லாததை விட்டுவிடுவோம், இருப்பதையாவது நம்பலாமா? பழைய ஸ்டூடியோக்கள் பலவும் பயன்படுத்திய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் மிகையாகத் தெரியும். அதில் எடுத்தால் குங்குமம் கறுப்பாக விழும், வெற்றிலைச் சிவப்பேறிய உதடு மையிட்டதுபோல் இருளும், மாநிறம் உள்ளதைவிடக் கறுத்துப்போகும். வெளிர்நீலச் சேலையோ ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். படத்தில் இருப்பதை அப்படியே வரைகிறவர், நீலச் சேலை கட்டிய சுமங்கலியை வெள்ளைச் சேலைக்காரியாக்கிக் கூடத்தில் மாட்டிவிடக்கூடும். இது போதாதென்று ஸ்டூடியோக்காரரின் டச்சிங் வேலை வேறு. நெகட்டிவில் பென்சில் தடவிய இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பும் கன்னச் சுருக்கமும் அப்படித்தான் காணாமல் போயின. அந்த வழவழப்பைப் பயபக்தியோடு கரியில் நகலெடுக்கிறவர் பாட்டியின் கன்னத்தை வரையவில்லை, யாரோ ஒரு ஸ்டூடியோக்காரரின் பென்சிலை வரைகிறார்.

அதனால் கரியில் முகம் பழகுகிறவருக்கு முதல் பாடம் கோடு அல்ல, நிறத்தின் படிகள். வெள்ளைத் தாளில் கறுத்த முகத்தைத் தொடங்கினால் பயத்தில் கை நின்றுவிடும். முகம் சாம்பல் பூசியதுபோல் வெளிறும். தெரிந்தவர்கள் வேறு விதமாகப் போவார்கள். கொடிக்கரியைத் தாள் முழுக்கத் தேய்த்து, துணியால் ஒற்றி, நடுச்சாம்பல் தளம் ஒன்றை முதலில் அமைப்பார்கள். பிறகு மாவுபோல் பிசையும் ரப்பரைக் கூராக உருட்டி நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் கரியை ஒற்றி எடுப்பார்கள். வெளிச்சம் சேர்ப்பதில் அல்ல, இருட்டை எடுப்பதில் பிறக்கிறது. கறுத்த தோலில் மினுக்கம் சின்னதாக, கூர்மையாக விழும். அதை அகலமாக்கினால் முகம் தகரமாகிவிடும். அழுத்தக் கரி கடைசியில்தான், கண்மணிக்கும் மூக்குத் துளைக்கும் தலைமுடியின் அடிநிழலுக்கும். அது ஏறிவிட்டால் சுலபத்தில் இறங்காது. (பிரேம் போடக் கொடுக்கும்போது அக்ரிலிக் வேண்டாம், கண்ணாடியே போடுங்கள்; அக்ரிலிக்கின் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும்.)

ஆளை நேரில் வைத்து வரைந்து பழகாதவன் ஓவியனே ஆகமாட்டான் என்கிறது ஒரு தரப்பு. பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன இமையும் மினுக்கமும் நேரில் பார்த்துத்தான் தெரியும், புகைப்படம் கற்றுத்தராது. ஆனால் செத்தவர் வந்து உட்காரமாட்டார். நேரில் கற்றதைப் படத்தின் குறைக்கு எதிராக நிறுத்தும் வேலை ஆளை நேரில் பார்த்து வரைவதைவிடக் கடினமே தவிர எளிதல்ல. புகைப்படத்தை வைத்து வரைவதை இழுக்காகச் சொல்கிறவர்கள் ராஜா ரவிவர்மாவும் அதைச் செய்தவர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கைப்பேசிச் செயலி ஒரு நிமிடத்தில் பெரிதாக்கித் தருகிறதே, கரி எதற்கு என்ற கேள்விதான் கனமானது. செயலியும் இல்லாததை ஊகித்துத்தான் நிரப்புகிறது, ஓவியரும் ஊகிக்கிறார். இதை மறைக்கத் தேவையில்லை. செயலி நிரப்புவது அது பழகிய லட்சக்கணக்கான அந்நிய முகங்களிலிருந்து. ஓவியரோ எதிரே நிற்கும் பேத்தியின் புருவத்தைப் பார்க்கலாம், “அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?” என்று கேட்கலாம். கேட்டும் தெரியாவிட்டால் அந்த இடத்தை நிழலாகவே விட்டுவிடலாம். கரிக்கு அந்த வசதி உண்டு. செயலிக்குச் சும்மா விடத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு உண்மையான இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது: “அண்ணே, கொஞ்சம் கலரா போட்டுருங்க.” காசு கொடுக்கிறவர் கேட்பதைச் செய்யாமல் எப்படி என்று ஓவியர் நினைப்பது நியாயம். ஆனால் ஃபிலிம் கறுப்பாக்கியதைத் திருத்துவது ஒன்று, ஆளையே வெளுக்கவைப்பது இன்னொன்று. வெயிலில் பால்மரம் வெட்டிக் கறுத்த முகத்தை மாவு பூசி மாட்டினால், மாலை விழுவது வேறு யாருக்கோ. படத்தைக் கொடுக்கப் போகிறவர்கள் இருக்கிற எல்லாப் படங்களையும் கொண்டுபோங்கள். அவர் என்ன நிறம், சேலை என்ன நிறம், நெற்றியில் இருந்தது குங்குமமா சாந்தா என்பதைத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு, படத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.