ஒரு வெள்ளைப் புள்ளியும் மூணு லிட்டர் ஆயிலும்

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் நம்ப மாட்டான், லாக் போட்டுப் பார்ப்பான். அந்தப் பழக்கத்தை ஆபீஸோட விட்டிருக்கணும். நான் காருக்கும் கொண்டு போனேன்.

கார்னா பெருசா எதுவும் நினைச்சுக்காதீங்க. 2014 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வாங்கின புதுசுல பயபக்தியோட கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் விட்டேன். ஆயில் மாத்தத்தான் போனேன், பில்லு ஏழாயிரத்தைத் தொட்டுச்சு. ஏசிக்கு ஏதோ ஸ்ப்ரே, இஞ்சினுக்கு ஏதோ பாலிஷ், த்ராட்டில் பாடி க்ளீனிங், லேபருக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. இஞ்சினுக்கு எதுக்குங்க பாலிஷ்? பானெட்டைத் திறந்து யாரு பொண்ணு பார்க்கப் போறாங்க?

அதுக்கப்புறம்தான் மேடவாக்கத்துல எங்க தெரு முனையில ஷெட் வச்சிருக்கிற மெக்கானிக் அண்ணன்கிட்ட போக ஆரம்பிச்சேன். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து அந்த பில்லுல பாதிகூட வராது. ரெண்டு தடவை நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஆபீஸ்ல ஒரு நண்பன் சும்மா இருக்காம கொளுத்திப் போட்டான். "மச்சி, வெளி மெக்கானிக் ஃபில்டரை மாத்தவே மாட்டான். வெளியில துடைச்சு விட்டுருவான், உனக்கெங்க தெரியப் போகுது"ன்னு.

அவ்வளவுதான், மண்டைக்குள்ள பூச்சி புகுந்துடுச்சு. அடுத்த சர்வீஸுக்கு முன்னாடி ராத்திரி, காருக்கு அடியில கையை விட்டு, ஃபில்டர் மேல வொயிட்னர் பேனாவால ஒரு புள்ளி வச்சேன். தங்கமணி பால்கனியில இருந்து, "நடுராத்திரி காருக்கு அடியில என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. "டெஸ்டிங்"னு சொன்னேன்.

மறுநாள் சர்வீஸ் முடிஞ்சு வண்டி வந்துச்சு. செல்ஃபோன் டார்ச்சை அடிச்சுப் பார்த்தா, புள்ளி அங்கயே இருக்கு!

வந்த கோபத்துக்கு நேராப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கல. நம்ம ஜாதகத்துலயே அது இல்லியே. முகத்துக்கு நேரா சிரிச்சுட்டு, மனசுக்குள்ள "இனிமே நானே மாத்திக்கிறேன்"னு முடிவு பண்ணேன். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவன்யா! (தெர்மோடைனமிக்ஸ்ல நாற்பத்தஞ்சு மார்க்னு இப்ப எதுக்கு...)

பத்தாயிரம் கிலோமீட்டர் இல்லேன்னா ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அப்ப ஆயில் மாத்தணும்னு மேனுவல் சொல்லுது. எனக்கு வருஷம்தான் முன்னாடி வந்துச்சு. அதுக்குள்ள நிறைய படிச்சேன். 5டபிள்யூ-30ல டபிள்யூன்னா வெயிட் இல்ல, விண்டர். அந்த 5ங்கிறதுக்கு மைனஸ் 30 டிகிரி குளிர்ல வச்சு சோதிக்கிறாங்களாம். சென்னையில அந்தக் குளிர் எந்த ஜென்மத்துல வரப் போகுதுன்னு தெரியல. அந்த 30தான் நமக்கு முக்கியம், இஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்குங்கிறதுக்கான எண் அது. ஆயில் கருப்பாயிட்டா கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன், அதுவும் தப்பு. உள்ள இருக்கிற கரியை எடுத்து தன்கிட்ட வச்சுக்கிறதும் ஆயிலோட வேலைதான், அதனாலதான் கருக்குது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆயில் கேன், ஃபில்டர், ஜாக்கி ஸ்டாண்ட் ரெண்டு, ரிங் ஸ்பேனர், பழைய பிளாஸ்டிக் டப், ஒரு கிலோ பனியன் வேஸ்ட்னு கடையை விரிச்சேன். ஜாக்கி ஸ்டாண்ட் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாம வாங்கிடுங்க மக்களே. வெறும் ஜாக்கியை நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் குடுத்தோ அடியில படுக்கிறது தற்கொலைக்குச் சமம். அசோசியேஷன் செக்ரட்டரி சார் வந்து, "தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் ஃபைன்"னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனார்.

இஞ்சினை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, லேசா சூடானதும் ஆஃப் பண்ணிட்டு அடியில படுத்தேன். ட்ரெயின் போல்ட் கண்ணுக்கு முன்னாடி. ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், அசையல. காலை ஊன்றி இழுத்தேன், கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. இன்னும் பலமா இழுத்தேன். இருபது நிமிஷம் போராடி, சட்டையெல்லாம் நனைஞ்ச பிறகுதான் உறைச்சுச்சு. மேல நின்னு பார்க்கிற மாதிரி மனசுல கணக்குப் போட்டுக்கிட்டு, கீழ இருந்து அதை இறுக்கிட்டு இருந்திருக்கேன். அவ்வ்வ்...

இப்ப சரியான பக்கம் திருப்பினா சுத்தமா வர மாட்டேங்குது. ஸ்பேனர் வழுக்கி போல்ட்டோட முனை மழுங்க ஆரம்பிச்சுது. இன்னும் அழுத்தினா உள்ள மரை போயிடும், மரை போனா சேம்பரையே மாத்தணும். மிச்சம் பிடிக்க நினைச்ச காசு மாதிரி பத்து மடங்கு. திங்கட்கிழமை ஆபீஸுக்கு வண்டி வேற வேணும். வேற வழியில்லாம, யாரைத் திருடன்னு ஒரு வருஷமா நினைச்சுட்டு இருந்தேனோ அவருக்கே ஃபோன் போட்டேன்.

டிவிஎஸ் எக்ஸெல்ல வந்தார். கடையை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி ஜாக்கி ஸ்டாண்டெல்லாம் போட்டிருக்கீங்க, நல்லது"ன்னார். பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி, கைப்பிடியில ஒரு பைப்பைச் சொருகி, ஒரே அழுத்து. டக்குனு விட்டுச்சு. மரையை விரலால தடவிப் பார்த்து, "தப்பிச்சீங்க. வாசர்தான் நசுங்கிடுச்சு, புதுசு போட்டுடலாம்"னார். ஆயில் வடிஞ்சதும் ஃபில்டர் பக்கம் டார்ச் அடிச்சார்.

"இது என்ன தம்பி, வெள்ளையா?"

நான் பேசல. அவரும் கொஞ்ச நேரம் பேசல. ஃபில்டரைக் கழட்டி, அதோட ரப்பர் வளையம் இஞ்சின்ல ஒட்டிக்கிட்டு நிக்குதான்னு பார்த்து, புது வளையத்துல ஆயில் தடவி, கையாலயே இறுக்கி, அப்புறம் மெதுவா சொன்னார். "அன்னிக்கு உங்களுக்கு ஃபோன் பண்ணேன். ஒரிஜினல் ஃபில்டர் கடையில இல்ல, வேற ஏதோ ஒண்ணுதான் இருக்கு, என்ன பண்ணட்டும்னு கேட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சதைப் பண்ணுங்கண்ணேன்னீங்க. டூப்ளிகேட்டுக்குப் பழசே தேவலைன்னு விட்டுட்டேன். பில்லுலயும் போடல."

அவர் போன பிறகு டேஷ்போர்டைக் குடைஞ்சு பில்லைத் தேடி எடுத்தேன். ஆயில், கூலி, ரெண்டே வரி. ஃபில்டர் இல்ல. அந்த ஃபோன் காலும் ஞாபகம் வந்துச்சு. ஆன்சைட் மீட்டிங்ல மைக்கை மியூட் பண்ணிட்டு பேசினது. புள்ளியை மட்டும் டார்ச் அடிச்சுப் பார்த்தவன், பில்லைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல.

அன்னிக்கு இருநூறு ரூபாய் கேட்டார். ஐந்நூறு குடுத்தேன், மீதி முந்நூறை எண்ணித் திருப்பிக் குடுத்தார். பழைய ஆயிலையும் அவரே ஒரு கேன்ல ஊத்தி எடுத்துட்டுப் போயிட்டார். நான் அதைச் சாக்கடையில ஊத்தலாம்னுதான் இருந்தேன். எங்க ஊர் திண்டுக்கல் பக்கம் கரையானுக்கு மரத்துல பூசுவாங்க. ஆனா ஒரு கார்ல வடியிற ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணியைப் பாழாக்கும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி சொல்லுது. நம்ம ஊர்லயும் 2016 விதிப்படி அது அபாயகரமான கழிவுதான்.

காசுக் கணக்கு கேட்டீங்கன்னா, கூலி மட்டும்தான் மிச்சம். ஸ்டாண்டும் ஸ்பேனரும் வாங்கின காசை எடுக்கவே எனக்கு நாலஞ்சு வருஷம் ஆகும். வண்டி இப்பவும் அண்ணன்கிட்டதான் போகுது.

போன மாசம் சர்வீஸ் முடிஞ்சு எடுத்துட்டு வந்தேன். பின் சீட்ல பேப்பர் விரிச்சு, ஒரு கேரி பேக்ல கழட்டின பழைய ஃபில்டரைக் கட்டி வச்சிருந்தார். நான் கேட்கல, அவரா வச்சது.