கம்பிச் சில்லும் கடற்காற்றும்

1962 இல் இங்கிலாந்தின் அபிங்டனில் உற்பத்தியாகத் தொடங்கிய எம்.ஜி.பி. காருக்கு, விரும்பிக் கேட்டோர்க்குப் பொருத்தப்பட்ட கம்பிச் சில்லின் சௌந்தரியத்தைப் புகழாதார் இல்லை. ஆயினும் கல்முனைக் கடலின் உப்புக்காற்று வயல்களைக் கடந்து வந்து சேரும் எங்கள் சவளக்கடையில் அதனைப் பராமரிப்பவனுக்கு, மினுங்கும் கம்பிகளைக் காட்டிலும், நடுக் குடத்தினுள் மறைந்திருக்கும் பல்வரிசைகளே பிரதானமாகும்.

கிரீஸ் வற்றிக் கறளேறிய பற்கள் ஒவ்வொரு பிரேக்கிலும் உராய்ந்து மழுங்கும். அல்லது சில்லு கழலாதபடி இறுகிவிடும். ஆதலால் நடு நட்டை, சில்லு முன்னோக்கி உருளும் திசையிலேயே செம்புச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, பற்களை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸை மெல்லிதாகப் பூசுவதே முறை. கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டால், தளர்ந்தது மந்தமான நாதத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய வாகனம் வைத்திருக்கும் சகோதரர்களே, மாரி தொடங்குமுன் சிரத்தையோடு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.