ஒட்டுப்போட்ட அங்கி

ஆரணியில் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தால் சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். அப்படியொரு தெருவில், ஒரு பெரியவர் வீட்டுக் குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தறியில் அரக்குப் பட்டு, சரிகைக் கரை. அவர் கட்டியிருந்தது முழங்காலருகே ஒட்டுப்போட்ட லுங்கி. "பட்டு கட்டிக்கினு பட்டு நெய்ய முடியுமா தம்பி?" என்றார். பாவில் ஓர் இழை அறுந்தது. இரண்டு நுனியையும் விரலில் உருட்டிப் பிணைத்துவிட்டு மறுபடி நாடாவை ஓட்டினார்.

அந்த ஒட்டைப் பார்த்ததும் சூஃபிகள் நினைவுக்கு வந்தார்கள். கம்பளியைக் குறிக்கும் 'சூஃப்' என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் அவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இஸ்லாமிய மரபில் ஆண்களுக்குத் தூய பட்டு விலக்கு. அதற்காகவே உள்பக்கம் பருத்தியும் வெளிப்பக்கம் பட்டுமாக மஷ்ரூ என்றொரு துணியை நெய்தார்கள். ஆனால் அந்தத் துறவிகள் விரும்பி உடுத்தது முரட்டுக் கம்பளியை. குரு சீடனுக்குப் போர்த்தும் ஒட்டுப்போட்ட அங்கிக்கு கிர்கா என்று பெயர். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து லாகூரில் அடங்கிய சூஃபி ஞானி ஹுஜ்வீரி, 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' நூலில் இந்த ஒட்டுத்துணிக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸ் வந்தார். கிர்காவைப் போர்த்திக்கொண்டு பக்திவேஷம் போட்டவர்களைச் சாடி, தன் அங்கியைக் கவிதையில் மதுக்கடையில் அடகுவைத்தார். எனக்கு ஹாஃபிஸ் மேல் மதிப்பு கூடியது இங்கேதான். கந்தலும் ஒருவனுக்குப் பகட்டாகிவிடும் என்பதைக் கூசாமல் சொன்னவர் அவர்.

போர்வை அருளாகவும் வந்திருக்கிறது. எகிப்தில் 13ஆம் நூற்றாண்டில் கவிஞர் பூஸீரி பக்கவாதத்தில் கிடந்து நபிகளைப் பாடினார். கனவில் நபிகள் தம் போர்வையை அவர்மேல் போர்த்த, எழுந்தபோது குணமாகியிருந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. 'புர்தா' என்ற அந்தப் போர்வையின் பெயரே பாட்டுக்கும் ஆயிற்று. நம் காயல்பட்டினத்திலும் அதை ஓதுகிறார்கள்.

துணியை உடுத்திப் பாடியவர்களைவிட, நெய்துகொண்டே பாடியவர்களிடம்தான் என் மனம் போய் நிற்கிறது. காசியில் கபீர், லாகூரில் நெசவாளர் குடும்பத்து ஷா ஹுசைன், நம் பக்கம் தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்த பீர் முகம்மது அப்பா. அப்பாவும் நெசவு செய்தே பிழைத்தார் என்று சொல்லி வருகிறார்கள். உடம்பை ஆடை என்று ஞானிகள் பலரும் பாடியதுண்டு. அந்த ஆடையில் எத்தனை இழை அறுந்து, எத்தனை பிணைப்பு விழுந்தது என்பது தறிக்குழியில் கால் வைத்தவருக்குத்தான் தெரியும்.

பெரியவரிடம் தக்கலை அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "நெசவுக்காரரா?" என்று கேட்டு நாடாவைச் சற்று நிறுத்தினார். "பாட்டை இன்னும் பாடறாங்களா?"

பாடுகிறார்கள். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில், தக்கலை தர்காவில் அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுகிறார்கள்.