கார்டு வாங்காதே, கொஞ்சம் பொறு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. வளைகாப்பு, பட்டுப்புடவைச் சண்டை, ஓரகத்தியின் முகத்தூக்கல் எல்லாம் படிச்சு முடிச்சுக் கடைசிக்கு வந்தா, "லினக்ஸ் போட்டதிலிருந்து கம்ப்யூட்டரில் சத்தமே இல்லை, கடைக்காரர் சவுண்ட் கார்டு போச்சுங்கிறார்"னு ஒரே ஒரு வரி. அதை முதலில் எழுதக்கூடாதாடீ? புதுக் கார்டுக்கு இன்னும் காசு கொடுக்கலைன்னா கொடுக்காதே. நேற்று வரை விண்டோஸில் பாடின கார்டு ஒரே ராத்திரியில் போறது அபூர்வம். சத்தம் பெரும்பாலும் செத்துப்போறதில்லை. வேற எங்கேயோ போய்க்கிட்டிருக்கும்.

எங்க மாடி வீட்டு மாமி கதையைக் கேளு. மகன் புது மானிட்டர் வாங்கி, ஹெச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிட்டு ஊருக்குப் போயிட்டான். அன்னைக்கே பாட்டு நின்னுபோச்சு. மாமிக்குச் சந்தேகம் யார் மேல? மருமகள் மேலதான். "அவதான் எதையோ அழுத்திட்டா"ன்னு மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி புலம்பல். நான் போய் பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோலைத் திறந்தேன். (உன்னிடம் இல்லைன்னா சாஃப்ட்வேர் பட்டியலில் தேடிப் போட்டுக்கோ.) அதில் பிளேபேக் பக்கத்தில் பிரவுசர் பெயருக்குக் கீழே ஒரு பட்டை தாளத்துக்குத் தகுந்த மாதிரி துள்ளுது. அறையிலோ ஒரு முணுமுணுப்புகூட இல்லை. பாட்டு ஓடுது, போய்ச் சேருற இடம்தான் தப்புன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஹெச்டிஎம்ஐ கேபிள் படத்தோட ஒலியையும் சுமக்கும். லினக்ஸ் அதைத் தனி வெளியீடாகவே கணக்கில் வைக்கும். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் பாட்டெல்லாம் போய்க்கிட்டிருந்தது! பட்டைக்குப் பக்கத்துப் பட்டியலில் அனலாக்னு இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன், ஸ்பீக்கர் கத்த ஆரம்பிச்சுது. மாமி மருமகளிடம் மன்னிப்பா கேட்டாள்? "எனக்கும் ஒரு காபி போடேன்"னு சொன்னாள், அவ்வளவுதான்.

லினக்ஸ் குடும்பத்திலும் இதே கூத்துதான். மாமியார், ஆல்சா. செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா 1998-ல் தொடங்கிவெச்சது; 2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலோட வீட்டு நிர்வாகமே அதன் கைக்கு வந்தது. கார்டோட நேரடியாகப் பேசுறது இன்னைக்கும் ஆல்சாதான். மூத்த மருமகள் பல்ஸ்ஆடியோ, 2004-ல் லெனார்ட் பெட்டரிங் எழுதினது. 2007-ல் ஃபெடோரா 8, அடுத்த வருஷம் உபுண்டு 8.04 என்று வீடு வீடாக நுழைஞ்சுது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூம், பாடிக்கிட்டிருக்கும்போதே ஸ்பீக்கரிலிருந்து ஹெட்போனுக்கு மாத்துறதுன்னு நல்ல கைவேலைக்காரி. ஆனா அவள் நம்பியிருந்த டிரைவர்களில் பழைய கோளாறுகள் ஒளிஞ்சிருந்தன. அவள் வந்ததும்தான் அதெல்லாம் வெளியே வந்தது. பழி யார் மேல? வந்தவள் மேலதான்! "பல்ஸைத் தூக்கிடு, எல்லாம் சரியாகும்" என்பதுதான் அந்த நாளில் எல்லாருக்கும் தெரிஞ்ச கைவைத்தியம். பெட்டரிங்கோ 2022-ல் மைக்ரோசாஃப்டில் போய்ச் சேர்ந்தார். அன்னைக்கு வம்பு பேசினவங்க வாயைக் கேட்கணுமே!

இளைய மருமகள் பைப்வயர், விம் டைமன்ஸ் எழுதினது. முதலில் வீடியோவுக்காக வந்தவள், 2021-ல் ஃபெடோரா 34-லும் 2022-ல் உபுண்டு 22.10-லும் ஒலிப் பொறுப்பையும் எடுத்துக்கிட்டாள். கெட்டிக்காரி! பழைய புரோகிராம்களிடம் மூத்தவளோட பாஷையிலேயே பேசுறாள். அதனாலதான் நான் சொன்ன வால்யூம் கண்ட்ரோல் பெயரில் பல்ஸ் இருந்தாலும் பைப்வயரோடும் ஒழுங்கா வேலை செய்யுது.

இப்ப உன் வீட்டுக்கு வருவோம். மாமி வீட்டில் செஞ்சதை முதலில் பாரு. பட்டை துள்ளுதா, எங்கே போகுது? கான்ஃபிகரேஷன் பக்கத்தில் உன் கார்டு "ஆஃப்"பில் கிடக்குதான்னும் பாரு.

அங்கே எல்லாம் சரின்னா மாமியாரிடம் போ. டெர்மினலில் ஆல்சாமிக்ஸர்னு அடி. எஃப் 6 அழுத்தி உன் கார்டைத் தேர்ந்தெடு. வரிசையா தூண்கள் நிற்கும். தூணுக்கு அடியில் இரண்டு எம் இருந்தா வாயைக் கட்டிவெச்சிருக்குன்னு அர்த்தம். அதில் நின்னு எம் அழுத்தினா இரண்டு சைபராகும். மாஸ்டரை மட்டும் பார்த்துட்டு வந்துடாதே. ஃப்ரண்ட், ஹெட்போன், பிசிஎம் எல்லாத்தையும் பாரு. ரியல்டெக் சிப் உள்ள பல கம்ப்யூட்டர்களில் ஆட்டோ-மியூட்னு ஒண்ணு கோடியில் இருக்கும். முன்பக்க ஓட்டையில் ஹெட்போன் செருகியிருந்தா பின்பக்க ஸ்பீக்கரை அது அடக்கிடும். அதை டிஸேபிள் பண்ணு.

செட்டிங்ஸில் "டம்மி அவுட்புட்" மட்டும் இருந்தா விஷயம் வேற: நடுவில் இருக்கிற மருமகளுக்கு, பல்ஸோ பைப்வயரோ, கார்டு கண்ணில் படலை. டெர்மினலில் ஏப்ளேன்னு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சிறுகோடும் சின்ன எல்லும் போடு. கார்டு பெயர் வந்தா ஆல்சாவுக்கு அதைத் தெரியும்; லாக்அவுட் பண்ணி மறுபடி உள்ளே வந்து பாரு. அங்கேயும் கார்டு இல்லைன்னாதான் கெர்னலுக்கே தெரியலைன்னு பொருள். பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைஞ்சிருக்கலாம், இல்லை மெஷின் ரொம்பப் புதுசுன்னா புது கெர்னலோ ஃபர்ம்வேரோ தேவைப்படலாம். விண்டோஸும் கூடவே இருந்தா, அதிலிருந்து ரீஸ்டார்ட் பண்ணி வராமல் முழுசா அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துப் போட்டுப் பாரு. சில சிப்கள் விண்டோஸ் விட்டுட்டுப்போன நிலையிலேயே முரண்டு பிடிக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் வரலைன்னா, "வரலை"ன்னு மட்டும் எழுதாதே. பட்டை துள்ளுதா, தூணுக்கடியில் என்ன இருக்கு, ஏப்ளே என்ன பெயர் காட்டுதுன்னு மூணையும் எழுது. எந்த இடத்தில் நிக்குதுன்னு நான் இங்கிருந்தே சொல்லிடுவேன்.

இப்படிக்கு,
வம்புக்கு வஞ்சனை செய்யாத உன் சிநேகிதி