‘நீங்க போயிட்டு வாங்க... நான் கார்லயே இருக்கேன்!’ - நாஞ்சில் நாட்டில் ஓர் ஓட்டு வீடு, ஆறு இரவுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டால், ‘ஒன்றரை நாள் தாராளம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. விடியற்காலையில் சூரிய உதயம், படகேறி விவேகானந்தர் பாறை, மதியம் சுசீந்திரம், சாயங்காலம் பத்மநாபபுரம் அரண்மனை, மறுநாள் திற்பரப்பு அருவி, ராத்திரி ரயில். எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால், மதியம் போனால் சுசீந்திரத்தில் நடை சாத்தியிருக்கும். அங்கே காத்திருந்துவிட்டுப் போனால் அரண்மனையில் டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருக்கும். எல்லாவற்றையும் அரக்கப்பரக்கப் பார்த்து முடித்தாலும், வீட்டின் மூத்தவர் பாதி இடங்களில் காரை விட்டே இறங்கியிருக்கமாட்டார்.

சென்னையிலிருந்து கடந்த காலாண்டு விடுமுறையில் வந்த ஒரு குடும்பத்துக்கு இது நன்றாகத் தெரியும். கணவன், மனைவி, ப்ளஸ் ஒன் படிக்கும் மகன், பத்து வயது மகள், கணவனின் அம்மா என ஐந்து பேர். ஆச்சிக்கு வயது 74. பிறந்தது தேரூர். திருமணமாகிச் சென்னைக்குப் போனவர். பெற்றோர் காலத்துக்குப் பிறகு பிறந்த வீட்டையும் விற்றுவிட்டார்கள். அதன்பின் ஊருக்கு வர ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எல்லோரும் கொடைக்கானல் போனார்கள். திரும்பி வந்து போனில் இருந்த படங்களைப் பார்த்தபோது, மருமகளுக்கு ஒன்று உறைத்தது. இருநூறு படங்களுக்கு மேல் இருந்தன. ஆச்சி இருந்தது இரண்டே படங்களில். இரண்டும் ஹோட்டல் வாசலில் எடுத்தவை. மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே இருந்தார்? காரில். “எனக்கு முட்டு வலிக்கும் மக்ளே. நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்” என்று ஒவ்வோர் இடத்திலும் சொன்னார். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் சரி என்று போய்விட்டார்கள்.

இந்த முறை நாகர்கோவில் பக்கம் போகலாம் என்று பேச்சு வந்ததும், மருமகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அத்தை காரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஓர் இடம்கூடத் திட்டத்தில் இருக்கக் கூடாது.

முதலில் வீடு

ஹோட்டலில் தங்கினால் காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். நடுவில் வந்து படுக்கலாம், ஒரு ரசம் வைத்துச் சாப்பிடலாம் என்று தோன்றாது. அதனால் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டை ஆறு இரவுகளுக்கு வாடகைக்குப் பேசினார்கள். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாவி வைத்திருக்கிறார்.

பணம் அனுப்பும் முன் மருமகள் கேட்ட கேள்விகள் எளிமையானவை. படுக்கை அறை தரைத்தளத்தில்தானா? வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? வாசலில் எத்தனை படி? கைப்பிடி இருக்கிறதா? அடுக்களையில் சமைக்கலாமா? கரன்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா? வீட்டைச் சுற்றி வயல் இருக்கிறதா என்பதை மகன்தான் கேட்டான். இருந்தது. கன்னிப்பூ அறுப்பு முடிந்து, கும்பப்பூவுக்கு உழவு நடந்துகொண்டிருந்த சமயம் அது.

பிறகு திசை

மகன் போனில் 17 இடங்களைக் குறித்து வைத்திருந்தான். மேப்பில் பார்த்தால் எல்லாமே 40 கிலோமீட்டருக்குள். ஆனால் இந்த மாவட்டத்தில் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ரோட்டோரம் வீடும் கடையும் கோயிலும் சர்ச்சும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். 30 கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் தாண்டிவிடும். ஆகவே, ஒரு நாளுக்கு ஒரு திசை மட்டும் என்று முடிவு செய்தார்கள். விடியற்காலையில் கிளம்புவது, முடிந்த நாள்களில் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது, சாயங்காலம் பக்கத்தில் மட்டும் போவது. கோயில்களும் அப்படித்தான் இயங்குகின்றன. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும்.

அடுத்தது கிழமை. வார இறுதியில் கன்னியாகுமரி கடற்கரையில் கூட்டம் நெரியும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்த இரண்டையும் வைத்தாலே பாதித் திட்டம் முடிந்துவிடும். 17 இடங்கள் எட்டாகக் குறைந்தன. மகனுக்கு முகம் வாடியது. “மிச்சம் எங்கயும் ஓடிப் போகாதுடா” என்றார் அப்பா.

சனிக்கிழமை விடியுமுன் நாகர்கோவிலில் இறங்கினார்கள். அன்று எங்கும் போகவில்லை. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த முட்டுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். காலையில் மீன்காரர் பைக்கில் வந்தபோது வாசலுக்கு முதலில் போனது ஆச்சிதான். பேரம் பேசிச் சாளை வாங்கி, மதியம் புளிமுளம் வைத்தார். “ஆச்சி நடந்து பார்த்ததே இல்லையே, இவ்வளவு வேகமா” என்றாள் பேத்தி.

ஞாயிறு அதிகாலையில் தோவாளைப் பூச்சந்தை. இது பகல் விடிந்தபின் சாவகாசமாகப் போய்ப் பார்க்கிற இடம் இல்லை. கேரளத்துக்குப் போகும் பூவெல்லாம் காலையிலேயே ஏறிவிடும். மூட்டை மூட்டையாகப் பிச்சியும் சம்பங்கியும் தராசில் ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பூக்களை மடித்துப் பாய்போலக் கட்டுகிற மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒன்பது மணிக்குள் வீடு வந்து சேர்ந்தாயிற்று.

படிகளை எண்ணிப் பார்த்தால்...

திங்கட்கிழமை வடமேற்குத் திசை. பேச்சிப்பாறை அணை, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம். கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் அரசு கட்டிய பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மின்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும் வரும் தண்ணீர்தான் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து நாஞ்சில் நாட்டு வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. “நாங்க சின்னப் பிள்ளையில குளிச்சதெல்லாம் இந்தத் தண்ணிதான்” என்றார் ஆச்சி.

மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் தண்ணீர் போகிறது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் மேட்டு நிலங்களுக்காக காமராஜர் காலத்தில் திட்டமிட்டு, 1966-ல் திறந்த பாலம் இது. கீழே ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கப் படி இறங்க வேண்டும். மேலே நடப்பதற்குச் சமதளப் பாதை. பிள்ளைகளும் அப்பாவும் கீழே போனார்கள். ஆச்சியும் மருமகளும் மேலே பாதி தூரம் நடந்து, கைப்பிடியைப் பிடித்தபடி கீழே இருந்தவர்களுக்குக் கையசைத்தார்கள். ஒரே இடத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடிகிற இடங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் சூட்சுமம்.

செவ்வாய்க்கிழமை பத்மநாபபுரம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இந்த அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு. முகம் தெரியும் கறுப்புத் தரை, தேக்கு மர வேலைப்பாடு எல்லாம் அற்புதம். ஆனால், உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே குறுகலான, செங்குத்தான மரப்படி. ஆச்சிக்கு அது ஆகாது. முன்பே தெரிந்துகொண்டதால் ஒரு வழி செய்திருந்தார்கள். முதலில் மருமகளும் பிள்ளைகளும் போய்வந்தார்கள். அதுவரை மகன் அம்மாவோடு வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் உள்ளே போக, மற்றவர்கள் ஆச்சியோடு இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சென்னை வீட்டில் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததை மட்டும் பார்த்த ஞாபகம் யாருக்கும் இல்லை.

கடல் சொன்னபடி

புதன்கிழமை கன்னியாகுமரி. நான்கு மணிக்கு அலாரம் வைத்தார்கள். ஆச்சி அதற்கு முன்பே குளித்து, திருநீறு பூசிப் படிப்புரையில் உட்கார்ந்திருந்தார். உதயம் கிடைத்தது. படகு கிடைக்கவில்லை. கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். அதற்கு யார் மேலும் கோபப்பட முடியாது. அவசரம் இல்லாதவர்களுக்கு அது ஒரு பிரச்னையும் இல்லை. பகவதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வட்டக்கோட்டைக்குப் போனார்கள்.

குளச்சல் போரில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டு, பிறகு அவருக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் மேற்பார்வையில் கட்டப்பட்ட கற்கோட்டை. மேல்தளத்துக்குப் படிகளை நம்ப வேண்டாம், சரிவுப் பாதை இருக்கிறது. ஆச்சி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினார். மேலே போனால் கண்ணெதிரே கடல். சேலைத் தலைப்பைக் காற்று பிடித்து இழுத்தது. அன்று எடுத்த படத்தைத்தான் மருமகள் இப்போது போனின் முகப்பில் வைத்திருக்கிறார்.

மதியம் படகு ஓடத் தொடங்கியதும் அப்பாவும் மகனும் மட்டும் போய், பாறையையும் 133 அடி வள்ளுவரையும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். மற்ற மூவரும் காந்தி மண்டபத்தில் காற்று வாங்கினார்கள். திரும்பும் வழியில், மாலை நடை திறந்திருந்த சுசீந்திரம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது தெரியாமல் மகன் கூச்சத்தில் நெளிந்தது தனிக்கதை.

எழுதாமல் விட்ட நாள்

வியாழக்கிழமைக்கு நேராக மருமகள் ஒன்றும் எழுதவில்லை. மழை வந்தால், படகு நின்றால், யாருக்காவது காய்ச்சல் என்றால் ஈடுகட்ட ஒரு நாள். நல்ல வேளையாக அது மிச்சமிருந்தது. “இன்னைக்கு எங்க போலாம், அத்தை?” என்று கேட்டார்.

ஆச்சி யோசிக்கவே இல்லை. “பஸ்ல போவோம்” என்றார்.

டவுன் பஸ்ஸில் வடசேரி. பெண்கள் மூவருக்கும் டிக்கெட் கிடையாது. நாகராஜா கோயிலில், கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். பிரசாதம், அந்தக் கருவறை மண். ஆடி முதல் மார்கழி வரை கறுப்பாகவும், தை முதல் ஆனி வரை வெள்ளையாகவும் இருக்கும் என்பது நம்பிக்கை. அன்று கொடுத்தது கறுப்பாகத்தான் இருந்தது. வெளியே வந்து ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் தேரூர். கவிமணி பிறந்த ஊர் என்று பேரனுக்குச் சொன்னார் ஆச்சி. சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை என்று போனைப் பார்த்துப் பேரன் ஆச்சிக்குச் சொன்னான்.

பிறந்த வீட்டைத் தெருவில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். உள்ளே இருந்த அம்மா வெளியே வந்து யாரென்று கேட்டார். ஆச்சி தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். “அய்யோ, வெளிய நிக்காதீங்க. உள்ள வாங்க” என்றார் அவர். அடுக்களை மாறியிருந்தது. தரை டைல்ஸ் ஆகியிருந்தது. கிணறு மட்டும் அதே இடத்தில், கம்பி வலை போட்டு மூடியிருந்தது. ஆச்சி அதன் சுவரில் கொஞ்ச நேரம் கை வைத்துக்கொண்டு நின்றார். கருப்பட்டிக் காப்பி குடித்தார். பிறகு, “வாங்க, குளத்தங்கரைக்குப் போலாம்” என்று அவரே முன்னால் நடந்தார்.

அந்தக் குளத்துத் தண்ணீரைக் காட்டி, “இதுவும் அந்த டேம் தண்ணியா ஆச்சி?” என்று பேத்தி கேட்டாள். “பின்னே?” என்றார் ஆச்சி.

ஆறு இரவுகளில் பார்த்தது எட்டு, ஒன்பது இடங்கள்தான். முட்டம், குளச்சல், சிதறால் மலை, திருவட்டாறு, உதயகிரிக் கோட்டை எல்லாம் மிச்சம். திருவட்டாற்றில் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும், அங்கே ஏற வேண்டிய படிகள் 18 என்று மருமகள் விசாரித்து வைத்திருக்கிறார். நின்று நின்று ஏறினால் ஆகும் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, மே மாதம் வீடு காலியாக இருக்குமா என்று கேட்டதும் அவர்தான்.