பந்து இருக்கிறது, பார்க்க ஆளில்லை

தாராவியிலும் செம்பூரிலும் கால்பந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாட்டின் தொழில்முறை லீக் அங்கே இன்னும் வீட்டுப் பிள்ளையாகவில்லை.

2018 ஜூன் 1. மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் இந்திய அணி சீன தைபேயை 5-0 என்று நொறுக்கியது. அணித் தலைவர் சுனில் சேத்ரி மட்டும் மூன்று கோல்கள். இதைக் கண்ணாரக் கண்டவர்கள் 2,569 பேர். மும்பையின் அலுவலக நேர மின்ரயில் ஒன்றில் இதைவிட அதிகம் பேர் நெருக்கியடித்துப் பயணம் செய்வார்கள்.

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோவில் ரசிகர்களிடம் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார். கைதட்ட வேண்டாம், திட்டுவதற்காகவாவது அரங்கத்துக்கு வாருங்கள் என்பது அதன் சாரம். ஜூன் 4ஆம் தேதி கென்யாவுடன் ஆட்டம். கொட்டும் மழையிலும் அரங்கம் நிரம்பி வழிந்தது. தனது நூறாவது சர்வதேச ஆட்டத்தில் சேத்ரி இரண்டு கோல்கள் போட, இந்தியா 3-0 என்று வென்றது. சந்தோஷமான கதைதான். ஆனால் அழைத்தால் வரும் கூட்டம், அழைக்காவிட்டால் ஏன் வருவதில்லை என்ற கேள்வி அன்றோடு தீரவில்லை.

விடையைத் தேட அந்தேரி அரங்கத்தைவிட நல்ல இடம், அங்கிருந்து தெற்கிலும் கிழக்கிலும் உள்ள தமிழர் பேட்டைகள். மாஹிம், சயான், மாட்டுங்கா ரயில் நிலையங்களுக்கு நடுவே சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் லட்சக்கணக்கானோரை அடக்கிக்கொண்டிருக்கிறது தாராவி. தோல் பதனிடும் தொழிலை நம்பி நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் 90 அடி சாலையில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா: கிங்ஸ் சர்க்கிள், ஃபில்டர் காபி, பூக்கடைகள், கோயில்கள். தெற்கிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த நடுத்தர வர்க்கம் காலூன்றிய இடம். அங்கே இடம் போதாமல் போனபோது பலர் பெயர்ந்த ஊர் செம்பூர். அதற்கப்பால் டிராம்பே வரை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும்.

இங்கெல்லாம் பந்து உருளாமல் இல்லை. பள்ளிக்கூட மைதானமோ கட்டடங்களுக்கு இடையிலான சந்தோ, கிடைத்த இடத்தில் செங்கல்லை நட்டுவைத்தால் கோல் போஸ்ட். மும்பையில் கால்பந்து மரபாகவே மழைக்கால ஆட்டம். மற்ற மாதங்களில் மைதானங்கள் கிரிக்கெட்டுக்குச் சொந்தம். ஐரோப்பிய அணிகளின் பெயர் பொறித்த பனியன்கள் தெருவோரக் கடைகளில் தொங்குகின்றன. உலகக் கோப்பை வந்தால் நள்ளிரவு தாண்டியும் டி.வி. அணைவதில்லை. ஆக, குறை ஆர்வத்தில் இல்லை. அந்த ஆர்வம் உள்ளூர் அணியின் வாசல்வரை வந்து சேராததில்தான் இருக்கிறது.

முன்பு இப்படி இல்லை. 1891இல் இந்த நகரத்தில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை நாட்டின் மிகப் பழைய போட்டிகளில் ஒன்று. முதலில் பிரிட்டிஷ் ராணுவ அணிகளின் ஏகபோகம். 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அதை உடைத்தது. ஐம்பதுகளில் ஹைதராபாத் போலீஸ் அணி தொடர்ந்து ஐந்து முறை கோப்பையைத் தூக்கிச் சென்றது. தென் மும்பையின் கூப்பரேஜ் மைதானத்தில் நடந்த இந்த ஆட்டங்களுக்கு வேலை முடிந்து நேராகப் போய்விடலாம். சர்ச்கேட் நிலையத்திலிருந்து நடை தூரம்.

போனவர்களுக்குக் களத்தில் இருந்தவர்களையும் தெரியும். மஃபத்லால், ஆர்கே மில்ஸ், டாடா, கால்டெக்ஸ், மஹிந்திரா, ஏர் இந்தியா, ரயில்வே, வங்கிகள் என்று நகரத்தின் அணிகள் அனைத்தும் வேலை கொடுத்த நிறுவனங்களின் அணிகள். ஆடுகிறவர் ஒருவருக்குப் பக்கத்து மேஜைக்காரர், இன்னொருவருக்கு ஒரே ஷிஃப்டில் வேலை செய்பவர். நன்றாக ஆடும் பையனுக்கு நிரந்தர உத்தியோகமும் பின்னாளில் பென்ஷனும் கிடைக்கும் என்பது தாய் தந்தையருக்குப் புரிந்த கணக்கு. காலில் பந்தோடு அலைகிற மகனைத் திட்டாமல் விட அது ஒன்றே போதுமான காரணம்.

அந்தக் கணக்கு மெல்ல மெல்லக் குலைந்தது. ஆலைகள் மூடின. ரோவர்ஸ் கோப்பை 2000-01க்குப் பிறகு நின்றுபோனது. 1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. அதன் 2005-06 பட்டத்தை வென்றது மும்பையின் மஹிந்திரா யுனைடெட். வென்ற சில ஆண்டுகளில், 2010இல், அந்த அணி கலைக்கப்பட்டது. தேசிய லீக்கின் இடத்தில் 2007இல் வந்த ஐ-லீக்கிலிருந்து, தொழில்முறைக் கிளப்புக்கான நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று 2013இல் ஏர் இந்தியா வெளியேற்றப்பட்டது. 2007இல் பிறந்த மும்பை எஃப்.சி. 2017இல் தரமிறங்கியதோடு மூடுவிழா கண்டது. பத்தாண்டுகளுக்குள் ஒரு நகரத்தின் மூன்று அணிகள் மறைந்தன. ரசிகன் யாருக்காகக் கத்துவது?

இந்த வெற்றிடத்தில்தான் 2014இல் ஆரவாரமாக வந்து இறங்கியது இந்தியன் சூப்பர் லீக். மும்பை சிட்டி அணிக்கு நடிகர் ரன்பீர் கபூர் பங்குதாரர். களத்தில் அனெல்கா, யுங்பெரி போன்ற உலகப் பெயர்கள். எட்டு அணிகள், சில வாரங்களில் முடிந்துவிடும் திருவிழா. முதல் ஆண்டிலேயே நாடு முழுவதும் சராசரியாக ஆட்டத்துக்கு 24,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். 2017-18இல் போட்டி ஐந்து மாதங்களாக நீண்டபோது அது சுமார் 15,000 ஆகச் சரிந்தது. திருவிழாக் கடை தினசரிச் சந்தையானபோது வாடிக்கையாளர்கள் கலைந்துவிட்டார்கள்.

மும்பைக்கென்று தனிக் காரணமும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் மும்பை சிட்டியின் சொந்த மைதானம் நவி மும்பை நெரூலில் இருந்தது. செம்பூர்க்காரர் ஹார்பர் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் போய்ச் சேரலாம். போய்வரும் பழக்கம் அரும்பும் நேரத்தில், 2016இல், அணி அந்தேரிக்குக் குடிபெயர்ந்தது. மாட்டுங்காவாசிக்கு கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் தாராவிக்காரருக்கு மாஹிமிலிருந்தும் நேர் ரயில் உண்டு. செம்பூர்க்காரர் காட்கோபர் போய் மெட்ரோ பிடிக்க வேண்டும். வழி இல்லாமல் இல்லை. ஆனால் வார நாளில் இரவு எட்டு மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால் விடியற்காலை ஷிஃப்டுக்கு எழுந்திருப்பது எப்படி?

விதியும் விளையாடியது. 2021 மார்ச்சில் மும்பை சிட்டி முதல்முறையாகக் கோப்பையை வென்றது. கடைசி நிமிடத்தில் பிபின் சிங் போட்ட வெற்றி கோலுக்கு ஆர்ப்பரிக்க ஒரு ரசிகர்கூட அரங்கத்தில் இல்லை. கொரோனா காரணமாக அந்த ஆண்டின் ஆட்டங்கள் அனைத்தும் பூட்டிய கோவா அரங்கங்களில் நடந்தன. 2024 மே மாதம் மீண்டும் கோப்பை வந்தது. அந்த இறுதி ஆட்டம் கொல்கத்தாவில். சொந்த ஊர் ரசிகர்கள் கண்முன்னே கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு இரண்டு முறையும் வாய்க்கவில்லை. 'வெஸ்ட் கோஸ்ட் பிரிகேட்' என்ற ரசிகர் குழு மட்டும் முரசோடும் பதாகையோடும் விடாப்பிடியாக அணியைத் தொடர்ந்தது.

இது மும்பையின் தலையெழுத்து மட்டுமல்ல. தமிழகத்திலும் ஓர் உதாரணம் உண்டு. கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக்கை வென்றது. அன்று ஐ-லீக் சாம்பியனுக்கு சூப்பர் லீகின் கதவு திறந்திருக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த அணி தேசிய லீகிலிருந்தே காணாமல் போனது. இன்று இருக்கும் அணி நாளை இருக்குமா என்று தெரியாத இடத்தில் யாரும் மனதை முதலீடு செய்வதில்லை. மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கொல்கத்தாவில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு விசுவாசம் இறங்குகிறது என்றால், அந்தக் கிளப்புகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் இடத்தைவிட்டு நகராமல் இருந்ததே முதல் காரணம்.

அச்சம் வீணல்ல என்பதை 2025 காட்டியது. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி. ஜூலையில் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு எஃப்.சி. ஆகஸ்டில் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. லீகை நடத்துவதற்கான டெண்டரின் கெடு நவம்பரில் முடிந்தபோது ஒருவர்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. அதே மாதம் வங்கதேசத்திடம் தோற்ற இந்திய அணி, உலகத் தரவரிசையில் 142ஆம் இடத்துக்கு இறங்கியது. 1996இல் அது 94. மும்பை சிட்டியின் பெரும்பான்மைப் பங்கை 2019இல் வாங்கியிருந்த சிட்டி ஃபுட்பால் குரூப்பும் டிசம்பரில் விலகிக்கொண்டது. 2026 ஜனவரியில் மத்திய அமைச்சர் மன்சுக் மாண்டவியா தலையிட்டு, பிப்ரவரியில் சுருக்கமான லீக் நடக்கும் என்று அறிவித்த பிறகே மூச்சு வந்தது.

இதற்கு நடுவில், டிசம்பர் 14 அன்று, மும்பை வாங்கடே அரங்கத்துக்கு லயோனல் மெஸ்ஸி வந்தார். லீக் ஆட்டம் எதுவும் ஆடவில்லை. கையசைத்தார், படம் எடுத்துக்கொண்டார். பல ஆயிரம் ரூபாய் டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் அரங்கத்தை அதிரவைத்தது. மேடையில் அவரிடமிருந்து சட்டையைப் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர் சுனில் சேத்ரி. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இதே நகரத்தில் 2,569 பேருக்கு முன்னால் மூன்று கோல் போட்டவர்.

ரசிகனைக் குறை சொல்வது சுலபம். ஆனால் பழைய அலுவலக அணிகள் கொடுத்தது ஆட்டம் மட்டுமல்ல, ஒரு பிழைப்பும் அதன்மூலம் ஓர் உறவும். புதிய லீக் வெளிச்சத்தைக் கொடுத்தது, அந்த உறவைக் கொடுக்கவில்லை. தாராவியின் சந்துகள் சீரமைப்புத் திட்டத்தில் கட்டடங்களாகும்போது அங்கே விளையாட ஒரு மைதானம் மிஞ்சுமா, அதில் ஆடும் பையன் மும்பை அணியின் சட்டையைப் போடுவானா என்பதில் இருக்கிறது லீகின் எதிர்காலம். அப்படி ஒரு பையன் போட்டுவிட்டால், அவனைப் பார்க்கத் தெருவே அந்தேரிக்கு ரயிலேறும். யாரும் வீடியோ போட்டு அழைக்கவேண்டியிருக்காது.